அணு ஆயுத ஒழிப்புக்கு ஒரு பன்னாட்டு இளைஞர் வலையமைப்பு: தொடங்கி நடத்த முழு வழிகாட்டி

1998 மே மாதம் இந்தியா பொக்ரானிலும் பாகிஸ்தான் சாகாய் மலையிலும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன. அந்தச் செய்தி நாகசாகியை உலுக்கியது. அதே ஆண்டு அங்கிருந்து பள்ளி மாணவர்களை ஐநாவுக்குத் தூதர்களாக அனுப்பத் தொடங்கினார்கள். ‘உயர்நிலைப் பள்ளி அமைதித் தூதர்கள்’ என்ற அந்த ஏற்பாடு பல ஆண்டுகளாகத் தொடர்ந்து நடக்கிறது. புதிது புதிதாக மாணவர்கள் வருகிறார்கள், கையெழுத்து திரட்டுகிறார்கள், ஜெனீவாவில் உள்ள ஐநா அலுவலகத்தில் அதைக் கொடுக்கிறார்கள், அடுத்த அணிக்கு வழிவிடுகிறார்கள்.

பெரும்பாலான இளைஞர் வலையமைப்புகளுக்கு இந்த ஆயுள் கிடைப்பதில்லை. தொடக்க அறிக்கை, ஒரு லோகோ, வாட்ஸ்அப் குழு, இரண்டு வெபினார், அப்புறம் மௌனம். ஆர்வம் குறைந்ததுதான் காரணம் என்று சொல்லிவிடுகிறோம். நான் பார்த்தவரை காரணங்கள் வேறு. என்ன வேலை என்பது திட்டவட்டமாக இருக்காது. ஒத்துப்போகாத உறுப்பினர்கள் எப்படிச் சேர்ந்து இருப்பது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் மற்றதெல்லாம் நிர்வாகம்தான்.

எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘அணு ஆயுத ஒழிப்பு’ என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வது இயல்பு. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1970இல் நடைமுறைக்கு வந்தது அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம். என்பிடி என்பார்கள். அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்தையும் மட்டும் அணு ஆயுத நாடுகளாக இது ஏற்கிறது. ஆயுதக் களைவுக்கு நல்லெண்ணத்துடன் பேச வேண்டும் என்று அதன் ஆறாவது பிரிவு சொல்கிறது. இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் மூன்றும் அதில் சேரவே இல்லை. வட கொரியா 2003இல் விலகுவதாக அறிவித்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு மாநாடு நடக்கும். 2015இலும் 2022இலும் முடிவறிக்கை இல்லாமலே கலைந்தது.

இரண்டாவது, 2017இல் 122 நாடுகளின் வாக்குகளுடன் நிறைவேறி, 2021 ஜனவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தம். இது அணு ஆயுதத்தை முழுமையாகத் தடை செய்கிறது. இனி ‘தடை ஒப்பந்தம்’ என்று மட்டும் சொன்னால் இதைத்தான். அணு ஆயுதம் வைத்திருக்கும் எந்த நாடும் இதில் இல்லை. இலங்கை 2023 செப்டம்பரில் சேர்ந்தது.

மூன்றாவது, 1996இல் கையெழுத்துக்குத் திறக்கப்பட்ட முழுமையான அணு வெடிப்புச் சோதனைத் தடை ஒப்பந்தம். பட்டியலில் உள்ள 44 நாடுகளும் உறுதிப்படுத்தினால்தான் நடைமுறைக்கு வரும் என்ற விதியால் இது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் இதற்கான கண்காணிப்பு நிலையங்கள் உலகம் முழுவதும் இயங்குகின்றன. அறிவியல் படிக்கும் இளைஞர்களுக்கு இது நல்ல நுழைவாயில்.

நான்காவது, அணுப் பொருள்களின் பாதுகாப்பு. யுரேனியமோ புளூட்டோனியமோ திருட்டுப் போகாமல், அணு உலைகள் தாக்கப்படாமல் காப்பது. இதன் மையம் வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமை. இங்கே அரசுகளுடன் பேசும் மொழியே வேறு. ‘ஒழிப்பு’ என்ற சொல் அதிகம் புழங்காது.

இவற்றில் ஒன்றை முதன்மை வேலையாக எடுங்கள். இன்னொன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். தெற்காசிய உறுப்பினர்கள் அதிகம் உள்ள குழுவுக்கு நான் வேறொரு தொடக்கப் புள்ளியைச் சொல்வேன். இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று, ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்தன. அதன்படி 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. உறவு மிகக் கெட்டிருந்த ஆண்டுகளிலும் இது நிற்கவில்லை. இரண்டு நாட்டு இளைஞர்களும் உட்கார்ந்து படிக்க, ‘இதை எப்படி விரிவாக்கலாம்’ என்று கேட்க, இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. புதிதாகத் தொடங்கும் முன் ஏற்கெனவே இருப்பவர்களைப் பாருங்கள். சோதனைத் தடை அமைப்பு 2016இல் தொடங்கிய இளைஞர் குழு இருக்கிறது. அணு யுத்தத் தடுப்புக்கான மருத்துவர்கள் அமைப்பில் மருத்துவ மாணவர் பிரிவு இருக்கிறது. அணு ஆபத்து பற்றிப் பேசும் அறிவியலாளர்களின் பக்வாஷ் அமைப்பின் இளையோர் பிரிவு, அணு ஆயுத ஒழிப்புக்கான உலகக் கூட்டமைப்பு அபாலிஷன் 2000 அமைப்பின் இளைஞர் வலையமைப்பான யூத் ஃபியூஷன், ஐநா ஆயுதக் களைவு அலுவலகம் 2019இல் தொடங்கிய இளைஞர் முயற்சி எனப் பட்டியல் நீளும். உங்கள் யோசனை இவற்றில் ஒன்றின் வட்டாரக் கிளையாக இயங்க முடியும் என்றால் அப்படியே செய்யுங்கள். ஒரு வருட உழைப்பு மிச்சம்.

ஒத்துப்போகாமலும் சேர்ந்திருக்க ஒரு விதி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நீங்கள் கவனமாகப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

உங்கள் ஜூம் கூட்டத்தில் யார் யார் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். செமிபலாடின்ஸ்க் வட்டாரத்தில் பிறந்த கஜகஸ்தான் மாணவி. அங்கே சோவியத் அரசு 1949 முதல் 1989 வரை 456 சோதனைகளை நடத்தியது. மார்ஷல் தீவைச் சேர்ந்த ஒருவர். அமெரிக்கா அங்கே 67 குண்டுகளை வெடித்தது. ஜெர்மனியிலிருந்து ஒருவர், அவருடைய நாட்டில் அமெரிக்க அணுகுண்டுகள் வைக்கப்பட்டிருக்கின்றன, உக்ரைன் போருக்குப் பிறகு அவருடைய நண்பர்களில் பலர் அதை நியாயமாகவே நினைக்கிறார்கள். 1994இல் சோவியத் காலத்து ஆயுதங்களை விட்டுக்கொடுத்ததை இப்போது கசப்போடு பேசும் ஒரு உக்ரைனியர். தன் நாடு முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்தாது என்ற கொள்கையில் பெருமை கொள்ளும் ஒரு இந்தியர். அந்தக் கொள்கையை நம்பாத ஒரு பாகிஸ்தானியர்.

இவர்கள் எல்லோரும் கையெழுத்திடும்படி ஓர் அறிக்கை எழுதினால் அதில் என்ன மிஞ்சும்? ‘அமைதி நல்லது, இளைஞர்களின் குரல் முக்கியம்’ என்பது மட்டும்தான். அந்த அறிக்கையை எந்தத் தூதரும் படிக்கப் போவதில்லை.

ஆகவே தொடக்கத்திலேயே இரண்டு அடுக்குகளைப் பிரித்துவிடுங்கள். முதல் அடுக்கு, உறுப்பினராகச் சேர ஏற்க வேண்டிய அடிப்படை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அணு ஆயுதப் பயன்பாடும் சோதனையும் எந்தச் சூழலிலும் கூடாது, பாதிக்கப்பட்டோருக்கு நீதி வேண்டும், உறுப்பினர்கள் ஒருவர் மற்றவரை அவருடைய அரசின் பிரதிநிதியாக நடத்தக் கூடாது. இந்த அளவு போதும். இரண்டாவது அடுக்கு, விரும்பியவர்கள் மட்டும் பெயர் சேர்க்கும் அறிக்கைகள். தடை ஒப்பந்தத்தில் உங்கள் நாடு சேர வேண்டும் என்று பத்து நாட்டு இளைஞர்கள் எழுதினால் அது அந்தப் பத்து நாட்டு இளைஞர்களின் அறிக்கை. வலையமைப்பின் பெயர் தலைப்பில் வராது. அடியில் ‘இந்த வலையமைப்பில் இயங்குபவர்கள்’ என்று இருக்கும்.

இப்படிச் செய்தால் கூர்மையான அறிக்கைகளும் வரும், ஆட்களும் போக மாட்டார்கள். கூடவே ஒரு விதி வேண்டும்: ஒரு நாட்டைப் பெயர் சொல்லி எழுதும் எந்த வரியையும், அந்த நாட்டு உறுப்பினர்கள் வெளியீட்டுக்கு முன் பார்க்க வேண்டும். தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பார்த்துத் திருத்தம் சொல்லும் உரிமை உண்டு. இந்த வித்தியாசத்தை எழுத்தில் வைத்துவிடுங்கள்.

ஒருங்கிணைப்புக் குழு

வட்டாரத்துக்கு ஒருவர் என்று ஐந்து முதல் ஏழு பேர் போதும். தலைவர் ஒருவர் என்பதைவிட இணை ஒருங்கிணைப்பாளர்கள் இருவர் என்பது நல்லது. ஒருவர் தேர்வு எழுதும்போது இன்னொருவர் பார்த்துக்கொள்ளலாம். அந்த இருவரில் ஒருவராவது அணு ஆயுத நாடும் நேட்டோ நாடும் அல்லாத ஒரு நாட்டைச் சேர்ந்தவராக இருக்கட்டும். இல்லாவிட்டால் முடிவுகள் எல்லாம் ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் வசதிப்படியே நடந்துவிடும். யாருடைய தீய எண்ணமும் அதற்குத் தேவையில்லை.

வயது வரம்பைப் பற்றி நீண்ட விவாதம் வரும். ஐநா புள்ளிவிவரங்களில் இளைஞர் என்றால் 15 முதல் 24 வரை. 2015இன் பாதுகாப்பு அவைத் தீர்மானம் 2250 சொல்வது 18 முதல் 29 வரை. நீங்கள் 18–30 என்று வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள். 18க்குக் கீழே உள்ளவர்களைச் சேர்ப்பதானால் பெற்றோர் ஒப்புதல், தனிச் செய்தி அனுப்புவதற்குக் கட்டுப்பாடு போன்ற ஏற்பாடுகள் இல்லாமல் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

நாட்காட்டியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

இந்தத் துறையில் வேலையின் தாளத்தை நாம் தீர்மானிப்பதில்லை, ராஜதந்திர நாட்காட்டி தீர்மானிக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபரில் நியூயார்க்கில் ஐநா பொதுச்சபையின் முதல் குழு கூடும். ஆயுதக் களைவுத் தீர்மானங்கள் அங்கேதான் வாக்கெடுப்புக்கு வரும். செப்டம்பரில் வியன்னாவில் அணுசக்தி முகமையின் பொது மாநாடு. பரவல் தடை ஒப்பந்தத்தின் சுழற்சியில் மாநாட்டுக்கு முன் மூன்று தயாரிப்புக் கூட்டங்கள் உண்டு. கடந்த சுழற்சியில் 2023 வியன்னா, 2024 ஜெனீவா, 2025 நியூயார்க் என நகர்ந்து 2026 நியூயார்க் மறுஆய்வு மாநாட்டை நோக்கிச் சென்றது. தடை ஒப்பந்தத்தின் உறுப்பு நாடுகள் 2022இல் வியன்னாவிலும், 2023இலும் 2025இலும் நியூயார்க்கிலும் கூடின.

இவற்றோடு நினைவு நாட்களைச் சேருங்கள்: ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி, ஆகஸ்ட் 29 அணுச் சோதனைகளுக்கு எதிரான நாள், செப்டம்பர் 26 அணு ஆயுதங்களை முற்றாக ஒழிப்பதற்கான நாள். ஆகஸ்ட் 29க்கு ஒரு வரலாறு உண்டு. 1989இல் கவிஞர் ஓல்ஜாஸ் சுலைமேனோவ் தொடங்கிய நெவாடா–செமிபலாடின்ஸ்க் இயக்கம் மக்களைத் திரட்டியது. 1991இல் அதே தேதியில் அந்தச் சோதனைத் தளம் மூடப்பட்டது. ஒரு மக்கள் இயக்கம் இரண்டரை ஆண்டுக்குள் சாதித்த காரியம் அது. புது உறுப்பினர்களுக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டிய முதல் பாடங்களில் ஒன்று.

ஆண்டுக்கு ஒரு பெரிய கூட்டம், ஒரு நினைவு நாள். அவ்வளவுதான் முதல் ஆண்டுக்கு. பெரிய கூட்டம் தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆறு மாதத்துக்கு முன் யார் போவது என்ற முடிவும் நிதி விண்ணப்பமும். நான்கு மாதத்துக்கு முன் அனுமதிப் பதிவும் விசாவும். மூன்று மாதத்துக்கு முன் படிப்பு வட்டம். ஆறு வாரத்துக்கு முன் அறிக்கையின் முதல் வரைவு. இரண்டு வாரத்துக்கு முன் வரைவு பூட்டப்பட வேண்டும்.

நேரமும் மொழியும்

ஒரு கணக்கைப் பாருங்கள். கோடைக்காலத்தில் சென்னையில் மாலை 7 மணிக்குக் கூட்டம் வைத்தால் வியன்னாவில் பிற்பகல் 3.30, நியூயார்க்கில் காலை 9.30, ஹிரோஷிமாவில் இரவு 10.30. எல்லோருக்கும் வசதி என்று தோன்றும். மார்ஷல் தீவின் மஜூரோவில் அப்போது நள்ளிரவு தாண்டி 1.30. குண்டுவெடிப்பின் விளைவை இன்னும் சுமக்கும் சமூகத்தின் பிரதிநிதியைத்தான் ஒவ்வொரு முறையும் தூக்கத்திலிருந்து எழுப்புகிறோம். எனவே நேரத்தைச் சுழற்றுங்கள். மாதம் ஒன்று சென்னை மாலை 7 மணி, அடுத்த மாதம் சென்னை பகல் 12.30. இரண்டாவது நேரத்தில் மஜூரோவில் மாலை 7, அஸ்தானாவில் பகல் 12, வியன்னாவில் காலை 9; நியூயார்க்காரருக்கு அதிகாலை 3 மணி. அந்த மாதம் அவர் பதிவைப் பார்த்துக்கொள்ளட்டும். முடிவெடுக்கும் விஷயங்களுக்குக் கூட்டத்துக்குப் பின் 72 மணி நேரம் எழுத்தில் கருத்துச் சொல்ல அவகாசம் கொடுங்கள்.

மொழி ஆங்கிலமாகத்தான் இருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர்கள் கூட்டத்தையே எடுத்துக்கொள்வார்கள். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே நிகழ்ச்சி நிரலை எழுத்தில் அனுப்புங்கள், முதல் சுற்றில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் கொடுங்கள், தயங்குபவர்கள் எழுதி அனுப்பியதை நீங்களே படித்துக் காட்டுங்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் காட்சிப் பொருள் அல்ல

ஜப்பானின் குண்டுவெடிப்பில் தப்பிய ஹிபாகுஷாக்களின் எண்ணிக்கை 2025இல் ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. அப்போது சராசரி வயது 86. அவர்களுடைய அமைப்பான நிஹோன் ஹிடான்க்யோ 1956இல் தொடங்கி, 2024இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றது. நேரில் கேட்கும் கடைசித் தலைமுறை நாம்தான். அந்த அவசரத்தை நான் உணர்கிறேன், நீங்களும் உணர்வீர்கள். ஆனால் அந்த அவசரமே அவர்களை வெபினார் தொடக்கத்தில் பத்து நிமிடம் அழவைத்துவிட்டு, மீதி ஒரு மணி நேரம் ‘நிபுணர்கள்’ பேசும் வழக்கத்தைக் கொண்டுவந்துவிடுகிறது.

சாட்சியம் கேட்பதானால் முன்பே பேசுங்கள். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, பதிவு எங்கே போகும், எப்போது நீக்கலாம் என்பதெல்லாம் அவர் மொழியில் எழுத்தில் இருக்கட்டும். நேரத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் பணம் கொடுங்கள். அதைவிட முக்கியம், கோரிக்கை எழுதும் மேசையில் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும். தடை ஒப்பந்தத்தின் ஆறாம், ஏழாம் பிரிவுகள் பாதிக்கப்பட்டோருக்கு உதவி, மண்ணைச் சீராக்குதல், அதற்கான பன்னாட்டு ஒத்துழைப்பு பற்றியவை. கஜகஸ்தானும் கிரிபாட்டியும் அந்தப் பணியை முன்னெடுத்து வருகின்றன. மார்ஷல் தீவு, பிரெஞ்சு பாலினேசியா, அல்ஜீரியா, கஜகஸ்தான் இளைஞர்கள் உங்கள் குழுவில் இருந்தால் இந்தப் பிரிவுகள் பற்றிய அறிக்கையை அவர்கள்தான் எழுத வேண்டும். மற்றவர்கள் அடிக்குறிப்பு சரிபார்க்கலாம்.

அனுமதி, விசா, பணம்

ஐநா கூட்டத்துக்குள் நுழைய ஒரு அமைப்பின் பெயரில் பதிவு வேண்டும். புது வலையமைப்புக்குச் சட்டப் பதிவே இருக்காது. ஐநா பொருளாதார சமூக அவையின் ஆலோசனை அந்தஸ்து உள்ள ஒரு பழைய அமைப்பிடம் பேசி, அதன் அணியில் இரண்டு மூன்று இடம் கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். பதிலுக்கு அவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை மட்டும் முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

விசா விஷயத்தில் சமத்துவமே கிடையாது. ஜெர்மன் மாணவர் டிக்கெட் வாங்கினால் வியன்னா போய்விடுவார். நைஜீரியரும் இந்தியரும் வங்கிக் கணக்கைக் காட்டி, நேர்காணல் தேதிக்குக் காத்திருந்து, கடைசி வாரத்தில் மறுப்புக் கடிதம் வாங்குவார்கள். எனவே பேச்சாளர் தேர்வை விசா தேவைப்படுபவர்களிலிருந்து தொடங்குங்கள், அவர்களுக்கு அழைப்புக் கடிதம் முதலில் போகட்டும். மறுக்கப்பட்டால் அவருடைய உரையை மண்டபத்தில் இருக்கும் வேறொருவர், எழுதியவர் ஏன் வர முடியவில்லை என்று சொல்லிவிட்டு, அவர் பெயரிலேயே படிக்க வேண்டும்.

பணம் பற்றி இந்தியாவிலிருந்து ஒருங்கிணைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்சிஆர்ஏ. இங்குள்ள சங்கமோ அறக்கட்டளையோ வெளிநாட்டுப் பணம் பெறப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர முடியும். வாங்கியவர் அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. அதனால் வலையமைப்பின் பொது நிதியை இந்தியாவில் வைக்காதீர்கள். ஒருவருடைய சொந்தக் கணக்கில் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். ஜெனீவாவிலோ வியன்னாவிலோ உள்ள ஒரு அமைப்பு நிதியை வைத்துக்கொண்டு டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் நேரடியாக எடுத்துத் தரலாம். உறுப்பினர் அரசு ஊழியர் என்றால் அதற்கும் அவர் முன் அனுமதி வாங்க வேண்டும். வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா உறுப்பினர்களுக்கும் காட்டுங்கள். யார் பணம் தருகிறார் என்பதையும் சேர்த்து.

மண்டபத்துக்குள்

உரைக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. அதில் வரலாறு சொல்லாதீர்கள், அங்கே இருப்பவர்களுக்கு அது தெரியும். ஒரு நாடு இந்தக் கூட்டத்திலேயே செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கேளுங்கள். ‘உலகத் தலைவர்களே, விழித்தெழுங்கள்’ என்பதற்குக் கைதட்டல் கிடைக்கும். ‘பாதிக்கப்பட்டோர் உதவிக்கு உங்கள் பங்கை இந்தக் கூட்டத்தில் அறிவியுங்கள்’ என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உண்மையான வேலை நடைபாதையிலும் காபி மேசையிலும் நடக்கிறது. சிறிய நாடுகளின் தூதுக்குழுக்களில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். ஆயுதக் களைவோடு வேறு மூன்று துறைகளையும் அவர்களே பார்ப்பார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு பக்கக் குறிப்பு, சரிபார்த்த எண்கள், வரைவில் எந்தப் பத்தியில் எந்தச் சொல்லை மாற்றலாம் என்ற யோசனை. அதைக் கொடுக்கும் 22 வயதுக்காரரை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். சொந்த நாட்டுத் தூதுக்குழுவையும் கட்டாயம் சந்தியுங்கள், கருத்து முழுக்க எதிராக இருந்தாலும்.

நெருக்கடி வரும்போது

2025 மே 7 முதல் 10 வரை இந்தியாவும் பாகிஸ்தானும் ஏவுகணைகளும் ட்ரோன்களுமாக மோதிக்கொண்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். இது போன்ற நேரத்தில் வெளியிலிருந்து ‘உடனே அறிக்கை விடுங்கள்’ என்று அழுத்தம் வரும். அதே நேரம் உங்கள் உறுப்பினர்கள் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் வேலை, இரண்டு நாட்டு உறுப்பினர்களும் பத்திரமாக இருக்கிறார்களா என்று விசாரிப்பது. அடுத்தது, அவர்கள் விரும்பினால் மட்டும், பதிவு இல்லாத ஒரு சந்திப்பு. அதில் யார் தொடங்கியது என்ற பேச்சு வரும். வரட்டும், அடக்க வேண்டாம். ஒருங்கிணைப்பாளர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அறிக்கை வெளியிடுவதானால் இரண்டு பக்கத்திலும் குறைந்தது ஒருவர் வரைவில் இருக்க வேண்டும், அவர்கள் பெயர் வெளியே வராமலும் இருக்கலாம். போர்க்காலத்தில் எதிரி நாட்டவரோடு சேர்ந்து கையெழுத்திட்ட மாணவருக்குக் கல்லூரியிலும் காவல் நிலையத்திலும் என்ன நடக்கும் என்பதை ஜெனீவாவில் இருப்பவர் உணர மாட்டார். ரஷ்யாவில் ‘வெளிநாட்டு முகவர்’, ‘விரும்பத்தகாத அமைப்பு’ என்று முத்திரை குத்தும் சட்டங்கள் இருக்கின்றன. அங்குள்ள உறுப்பினர் புனைபெயரில் வர விரும்பினால் காரணம் கேட்காதீர்கள்.

இதற்கான ஏற்பாடுகளை அமைதியான நாளிலேயே செய்து வையுங்கள். முக்கியமான பேச்சுக்கு சிக்னல் செயலி, தானாக அழியும் செய்திகள். உறுப்பினர் பட்டியல் இரண்டு பேரிடம் மட்டும். கூட்டப் படங்களை ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் வெளியிட வேண்டும். அணு நிலையங்களின் படமோ வரைபடமோ உள் தகவலோ யார் அனுப்பினாலும் பகிராமல் நீக்குங்கள். இந்தியாவின் அரசு ரகசியச் சட்டம் போன்றவை மாணவர் என்று இரக்கம் காட்டாது.

பொறுப்பைக் கைமாற்றுதல்

உறுப்பினர்கள் பட்டம் முடிப்பார்கள், வேலைக்குப் போவார்கள், சிலர் வெளியுறவுத் துறையிலேயே சேருவார்கள். இதை இழப்பாக எண்ணாமல், தொடங்கும் நாளிலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். ஒருங்கிணைப்பாளர் பதவி ஓராண்டு, ஒரு முறை நீட்டிக்கலாம். இருவரும் ஒரே மாதத்தில் விலகாதபடி ஆறு மாத இடைவெளியில் மாறட்டும். கிளம்புபவர் இரண்டு மாதம் புதியவருடன் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

கைமாற்றக் கோப்பு ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். கணக்குகளின் கடவுச்சொற்களுக்கு ஒரு மேலாளர் செயலி. எந்தத் தூதுக்குழுவில் யாரைச் சந்தித்தோம், என்ன கேட்டோம், என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு. விசா விண்ணப்ப மாதிரிகள். கடந்த அறிக்கைகள், அவற்றில் யார் சேர மறுத்தார்கள், ஏன் என்ற விளக்கத்துடன். நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைகளின் தேதிகள். அடுத்த பன்னிரண்டு மாத நாட்காட்டி. புது ஒருங்கிணைப்பாளர் முதல் வாரத்தில் இந்தக் கோப்பைப் படித்துவிட்டு, ஒவ்வொரு வட்டாரப் பொறுப்பாளருடனும் தனியாக அரை மணி நேரம் பேசட்டும்.